இன்னைக்குன்னா எந்த இன்னைக்கு?

(பேசும்போது வந்த திக்கல், திரும்பச் சொன்ன இடங்களை எடுத்துட்டு, படிக்கத் தோதா கொஞ்சம் சரிபண்ணின எழுத்து வடிவம் இது.)

"சோஷியல் மீடியாவோட வரலாறை ஒரு எபிசோடா பண்ணுங்க"ன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருந்தீங்க, நானும் தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். சோம்பேறித்தனம் ஒரு காரணம்தான், ஒத்துக்கிறேன். இன்னொரு காரணம் ஆதாரம். சோழர் எபிசோடுக்கு ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டு கிடைச்சுது. ஆனா நான் 2009-ல ஆர்குட்ல எழுதினதுல ஒரு வரிகூட இன்னைக்கு எங்கேயும் இல்ல. அதனால இந்த எபிசோட்ல கம்பெனிகளோட தேதி, விவரம் எல்லாம் வெளியில பதிவானது. மிச்சமெல்லாம் என் ஞாபகம். அதுல பாதி என் பெரியம்மா.

2008. நான் ஏழாவது படிக்கிறேன். வீடு கே.கே. நகர்ல, ரெண்டாவது மாடி. பெரியம்மா வீடு ஜாபர்கான்பேட்டையில, அடையாறு பக்கம், தரைத்தளம். அந்த வருஷம் பெரியம்மா பொண்ணு, எங்க அக்கா, கல்யாணம் முடிஞ்சு நியூஜெர்சி போனா. அப்போ வெளிநாட்டுக்குப் பேசணும்னா எஸ்டிடி பூத். கண்ணாடிக் கதவுக்குள்ள பெரியம்மா, வெளியில நானும் பெரியப்பாவும். சிவப்பு எழுத்துல மீட்டர் ஓடும். பெரியம்மா ரிசீவரைக் கையில எடுத்ததும் அழ ஆரம்பிப்பாங்க, பெரியப்பா கதவைத் தட்டி "மீட்டர் ஓடுது, விஷயத்தைச் சொல்லு"ம்பார். விஷயத்தைச் சொல்றதுக்குள்ள காசு தீர்ந்துடும்.

அக்காதான் வழி சொன்னா. ஆர்குட்ல ஒரு அக்கவுண்ட் திறந்துக்கோங்கம்மா, நானும் அதுல இருக்கேன்னு.

ஆர்குட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா கேக்கிறவங்கள்ல பாதிப்பேர் அதைப் பாத்திருக்கவே மாட்டீங்க. 2004 ஜனவரியில கூகுள் வெளியிட்டது. உருவாக்கியவர் ஆர்குட் பூயுக்கோக்டன் என்கிற துருக்கிய இன்ஜினியர்; தளத்துக்கு அவர் பேரையே வெச்சுட்டாங்க. கூகுள்ல வேலை நேரத்துல அஞ்சுல ஒரு பங்கைச் சொந்த யோசனைக்குச் செலவு பண்ணலாம்னு ஒரு வழக்கம் இருந்தது. அப்படிப் பொறந்ததுதான் இது. ஆரம்பத்துல யாராவது அழைப்பு அனுப்பினால்தான் உள்ளே போக முடியும். அமெரிக்கர்களுக்குன்னு கட்டின வீட்டுல பிரேசில்காரங்களும் இந்தியர்களும் குடியேறினாங்க. 2008-ல அதோட நிர்வாகத்தையே பிரேசிலுக்கு மாத்துறதா கூகுள் அறிவிச்சுது.

அதுக்கு முன்னாடி ஃப்ரெண்ட்ஸ்டர்னு ஒண்ணு இருந்தது, 2002-ல தொடங்கினது. கூட்டம் சேர்ந்ததும் பக்கம் திறக்கவே ரொம்ப நேரம் ஆச்சு. நண்பனோட நண்பனோட நண்பன்னு உறவுமுறை மொத்தத்தையும் கணக்குப் போட்டுட்டுத்தான் பக்கத்தையே காட்டும். இன்ஜினியரா எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கிட்ட தாத்தா பேர்லேருந்து வம்சம் விசாரிச்சுட்டு அப்புறம் உட்காரச் சொல்ற மாதிரி. சரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

ஆர்குட்ல முக்கியமானது ஸ்க்ராப்புக். உங்க பக்கத்துல ஒரு நோட்டு திறந்து கிடக்கும், யார் வேணா வந்து எழுதிட்டுப் போகலாம். வேடிக்கை என்னன்னா, பதில் எழுதணும்னா உங்க நோட்டுல எழுதக் கூடாது. அவங்க பக்கத்துக்குப் போய் அவங்க நோட்டுல எழுதணும். அதனால ஒரு உரையாடல்ல பாதி உங்க வீட்ல கிடக்கும், பாதி அவங்க வீட்ல கிடக்கும். முழுசாப் படிக்கணும்னா ரெண்டு வீட்டுக்கும் போய் வரணும்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குப் பெரியம்மா என்னைக் கூட்டிட்டு பிரவுசிங் சென்டர் போவாங்க. அரை மணிக்குப் பத்து ரூபாய். ப்ளைவுட் தடுப்பு, ஓடுதா நிக்குதான்னு தெரியாத ஏசி, நோட்டுல பேரும் விலாசமும் எழுதிக் கையெழுத்து. என் உண்மையான வயசைப் போட்டா ஆர்குட் உள்ளே விடாது, அதனால பிறந்த வருஷத்தை மாத்திட்டேன். பெரியம்மாவுக்கும் ஒரு அக்கவுண்ட். போட்டோவுக்கு அக்கா கல்யாண ஆல்பத்துலேருந்து அவங்க முகத்தை மட்டும் வெட்டிப் போட்டோம். தோள் பக்கத்துல அக்காவோட பட்டுப்புடவை ஓரம் தெரியும்.

பெரியம்மா சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணுவேன், ஆங்கில எழுத்துல தமிழ். "சாப்டியா. இங்க மழை. அப்பாவுக்கு மூட்டு வலி தேவலாம். வத்தக்குழம்புக்குப் புளி ரொம்பக் கரைக்காத." நாலு வரி. அப்புறம் அக்கா போன வாரம் எழுதினதை நான் சத்தமாப் படிக்கணும். ரெண்டு தடவை. பக்கத்து கேபின்ல இருக்கிறவனுக்கு எங்க வீட்டு வத்தக்குழம்பு விவகாரம் முழுசாத் தெரியும்.

அந்த அரை மணி நேரத்துல நாங்க எங்கேயும் தொலைஞ்சு போனதே இல்ல. அக்கா பக்கத்துக்குப் போவோம், எழுதுவோம், பெரியம்மா பக்கத்துக்கு வருவோம், படிப்போம், முடிஞ்சுது. புதுசு மேல, பழசு கீழ. இதை ஒரு சிறப்புன்னு அப்போ எனக்குத் தோணினதே கிடையாது. தேதி வரிசையா இல்லாம வேற எப்படி இருக்கும்? டேட்டாபேஸ்ல அது ஒத்தை வரி. "ஆர்டர் பை", அப்புறம் நேரம், அப்புறம் இறங்குவரிசை. காலேஜ் முதல் லேப்லயே சொல்லிக் கொடுத்துடுவாங்க.

இப்போ கடல் தாண்டிப் போவோம், அந்த வரியில யார் கை வெச்சாங்கன்னு பார்க்க. ஃபேஸ்புக்கும் ஆர்குட் பொறந்த அதே குளிர்காலத்துல, 2004 பிப்ரவரியில, ஹார்வர்டு மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. முதல் ரெண்டு வருஷம் அதுவும் ஆர்குட் மாதிரிதான், ஒருத்தரைப் பத்தித் தெரியணும்னா அவர் பக்கத்துக்குப் போகணும். 2006 செப்டம்பர் 5-ஆம் தேதி அது மாறியது. நியூஸ் ஃபீட் வந்தது. நீங்க யார் வீட்டுக்கும் போக வேண்டாம், எல்லார் வீட்டுச் சேதியும் உங்க வாசலுக்கே வரும்.

மாணவர்கள் கொதிச்சுட்டாங்க. என் காதல் முறிஞ்சதை நான் என் பக்கத்துல மாத்தினேன், அதை ஏன் ஊருக்கே அறிவிக்கிறேன்னு. எதிர்ப்புக் குழு ஒண்ணு ஆரம்பிச்சு, சில நாள்லயே லட்சக்கணக்கான பேர் சேர்ந்தாங்க. அந்தக் குழு அவ்வளவு வேகமாப் பரவினதே நியூஸ் ஃபீட் வழியாத்தான். "இன்னார் இந்தக் குழுவில் சேர்ந்தார்"னு ஒவ்வொருத்தர் வாசல்லயும் சேதி போய் விழுந்தது. ஃபேஸ்புக்காரங்க அதை எதிர்ப்பா மட்டும் பார்க்கல. இந்த இயந்திரம் வேலை செய்யுதுங்கிறதுக்கு அத்தாட்சியாவும் பார்த்தாங்க. சில பிரைவசி வசதிகளைச் சேர்த்தாங்க, ஃபீடை எடுக்கல.

2009 பிப்ரவரியில லைக் பட்டன் வந்தது. 2010 ஏப்ரல்ல தங்களோட டெவலப்பர் மாநாட்டுல, ஃபீடை எப்படி அடுக்குறோம்னு ஃபேஸ்புக் கொஞ்சம் திறந்து சொல்லுச்சு. எட்ஜ்ரேங்க்னு பேர். மூணு விஷயத்தைப் பெருக்குவாங்க: உங்களுக்கும் எழுதினவருக்கும் எவ்வளவு நெருக்கம், அது என்ன மாதிரிப் பதிவு, எழுதி எவ்வளவு நேரம் ஆச்சு. நேரம் மூணாவது. முன்னாடி வரிசைக்கே நேரம்தான் முதலாளி. இங்க மூணு எண்ணுல அதுவும் ஒரு எண்ணு, பெருக்கல்ல மத்த ரெண்டும் பெருசா இருந்தா இது அடிபட்டுப் போயிடும்.

அதே 2010-ல இந்தியாவுல ஃபேஸ்புக் ஆர்குட்டைத் தாண்டிடுச்சு. என் கிளாஸ் பசங்க மொத்தமா மாறினாங்க. கூடவே நானும்.

பெரியம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். அவங்களுக்கு ஒத்து வரல. முதல் ஞாயித்துக்கிழமை ஃபீடைத் திறந்ததும் அக்காவோட காலேஜ் தோழி யாரோட குழந்தைக்கோ பேர் வெச்ச போட்டோ, அதுக்கு நாப்பது கமெண்ட். அப்புறம் யாரோ ஃபார்ம்வில்ல மாடு வாங்கினாங்க. பெரியம்மா கண்ணாடியை மேல தூக்கிவிட்டுக் கேட்டாங்க: "எல்லார் வீட்டு விசேஷமும் வருது. என் பொண்ணு எங்கடா?" அக்கா பேரை டைப் பண்ணி அவ பக்கத்துக்குப் போகலாம்னு காட்டினேன். "அப்ப நேரா அங்கேயே போக வேண்டியதுதானே, எதுக்கு இந்தச் சந்தைக்குள்ள புகுந்து போகணும்?" எனக்கு எரிச்சலா இருந்தது. பதிமூணு, பதினாலு வயசு. சந்தைதான் எனக்கு வேணும். லைக் எண்ணுறதுக்காகவே டியூஷன் முடிஞ்சு ஓடி வருவேன்.

ஆர்குட்டை மூடப்போறோம்னு கூகுள் 2014 ஜூன் 30-ல அறிவிச்சு, செப்டம்பர் 30-ல மூடினாங்க. மூணு மாசம் டைம் கொடுத்தாங்க. அதுக்கப்புறமும் உங்களோடதை டவுன்லோட் பண்ணிக்க 2016 செப்டம்பர் வரைக்கும் வழி வெச்சிருந்தாங்க. ரெண்டேகால் வருஷம். ஒரு கம்பெனி கடையைச் சாத்தும்போது இவ்வளவு மரியாதையா நடந்துக்கிட்டது பெரிய விஷயம். நான் பண்ணல. காலேஜ், ஹாஸ்டல், புது போன். பெரியம்மாவோட பாஸ்வேர்டு தெரிஞ்ச ஒரே ஆள் நான்.

2017-ல ஒரு நாள் பெரியம்மாவாவே கேட்டாங்க. "அந்தக் கடுதாசியெல்லாம் எங்கடா இருக்கும் இப்ப?" கடுதாசின்னுதான் சொன்னாங்க. இல்ல பெரியம்மா, போயிடுச்சுன்னேன். "ரெண்டு பக்கமுமா?" ரெண்டு பக்கமும்தான். அவங்க என்னைத் திட்டல. காபி ஆத்திக் கொடுத்தாங்க.

ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நடந்ததைச் சொல்லாம விட முடியாது. 2015 டிசம்பர் 1. மழை லீவுல நான் வீட்டுக்கு வந்திருந்தேன். நவம்பர் முழுக்கப் பெஞ்சு ஏரிகள் நிறைஞ்சு கிடந்தது. அன்னைக்கு ராத்திரி செம்பரம்பாக்கத்துலேருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணி திறந்துவிட்டாங்கன்னு அப்புறம் தெரிஞ்சுது. அடையாறு கரை ரெண்டு பக்கமும் ஏறுச்சு. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்னு விடியறதுக்குள்ள தரைத்தளமெல்லாம் போச்சு. பெரியம்மாவும் பெரியப்பாவும் மாடி வீட்டுக்காரங்ககிட்ட ஏறிட்டாங்கன்னு காலையில ஒரு போன் வந்தது. அதோட சரி, லைன் செத்துடுச்சு. எங்க வீட்டுக்கும் அவங்க வீட்டுக்கும் ரெண்டு கிலோமீட்டர்தான். நடுவுல தண்ணி.

எங்க மொட்டை மாடியில தண்ணித் தொட்டி ஓரமா நின்னா ஒரு கோடு சிக்னல் வரும். அங்க நின்னு ட்விட்டர்ல எழுதினேன். வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு. ஜாபர்கான்பேட்டை, தெரு பேர், வீட்டு நம்பர். மாடியில ரெண்டு வயசானவங்க. இன்னைக்குக் காலையிலேருந்து சாப்பாடு இல்ல. பெரியம்மாவுக்கு சுகர். போட் உடனே வேணும். என் போன் நம்பர்.

அப்போ ட்விட்டர் கிட்டத்தட்ட முழுக்கத் தேதி வரிசைதான். ஹேஷ்டேக்கைத் தேடினா "லைவ்"னு ஒரு டேப் இருக்கும், அதுல போனா உலகத்துல யார் எழுதினாலும் எழுதின நொடியில மேல வந்து நிக்கும். எனக்கு ஃபாலோயர்ஸ் 112 பேர். அது ஒரு பொருட்டே இல்ல. ஒரு மணி நேரத்துக்குள்ள முன்பின் தெரியாத ஒரு அண்ணன் போன் பண்ணார். மீனவர்கள் படகைக் கொண்டு வந்திருக்காங்க, தெருவுக்கு எந்தப் பக்கம் உள்ளே வரலாம்னு கேட்டார். பெட்ரோல் பங்க், கோயில், வலது பக்கம் ரெண்டாவதுன்னு நான் போன்ல வழி சொல்லச் சொல்ல அவர் படகுக்காரருக்குச் சொன்னார். சாயங்காலம் பெரியம்மா எங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்து ரவா உப்புமா சாப்பிட்டாங்க.

அடுத்த நாலு நாள் நான் தூங்கல. கரண்ட் வந்ததும் தன்னார்வலர்களோட சேர்ந்துட்டேன். ட்விட்டர்ல வர்ற உதவிக் கோரிக்கையெல்லாம் கூகுள் ஷீட்ல ஏறும், நாங்க ஒவ்வொரு நம்பருக்கும் போன் பண்ணி உண்மையான்னு கேட்டுப் பக்கத்துல எழுதுவோம். எல்லாம் சரியா நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். பெரிய தலைவலியே பழைய ட்வீட்தான். காலையில மீட்டாச்சு, ஆனா ராத்திரி வரைக்கும் அதையே ரீட்வீட் பண்ணிட்டிருப்பாங்க. படகு காலி வீட்டுக்குப் போய்த் திரும்பும். "உதவி கிடைச்சதும் தயவுசெஞ்சு ட்வீட்டை அழிச்சுடுங்க"ன்னு நாங்க கெஞ்சிக் கெஞ்சிப் போட்டோம். போன்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே சொன்னேன்.

அந்த வாரம் என் வாழ்க்கையையே மாத்திடுச்சு. இன்டர்நெட்னா இதுதான், இதைத்தான் நான் கட்டப்போறேன்னு முடிவு பண்ணேன். சிரிக்காதீங்க, பத்தொன்பது வயசு.

ரெண்டு மாசத்துல ட்விட்டர் மாறியது. 2016 பிப்ரவரி 10: உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ட்வீட்டுகள் முதல்ல வரும். மார்ச்ல இன்ஸ்டாகிராம் அதையே அறிவிச்சுது. மக்கள் தங்களோட ஃபீட்ல சராசரியா 70 சதவீதத்தைப் பார்க்காமலேயே விட்டுடறாங்க, அதனால முக்கியமானதை நாங்க மேல கொண்டு வர்றோம்னு காரணம் சொன்னாங்க. அந்தக் காரணம் பொய்யில்ல. அஞ்சு நூறு பேரை ஃபாலோ பண்றவன் எல்லாத்தையும் படிக்க முடியாது. யாராவது ஒருத்தர் பொறுக்கித்தான் ஆகணும். ஆனா எதுக்காகப் பொறுக்குறாங்கங்கிறதுதான் கேள்வி. நீங்க எவ்வளவு நேரம் அங்க இருந்தீங்கங்கிறதை வெச்சு விளம்பரக் காசு வருதுன்னா, எது முக்கியம்னு அளக்கிற தராசே அந்த நேரம்தான்.

இதை நான் அப்போ யோசிச்சேனா? கிடையாது. ரொம்பப் பிடிச்சிருந்தது. அதே வருஷம் செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டாவை அள்ளி இறைச்சுது. ஹாஸ்டல்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கட்டைவிரல் மட்டும்தான் வேலை பார்க்கும். 2017 ஜனவரியில மெரினாவுல ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் போனதும் வாட்ஸ்அப்ல வந்த செய்தியைப் பார்த்துத்தான். அதைப் பத்தித் தனியா எபிசோட் இருக்கு, கேட்டுக்கோங்க.

2018-ல வேலைக்குச் சேர்ந்தேன். கம்பெனி பேர் வேண்டாம், நீங்க யாரும் போன்ல வெச்சிருக்க வாய்ப்பிருக்கிற ஒரு ஆப். என் டீமோட வேலை, ரொம்ப நாளா ஆப்பைத் திறக்காதவங்களைத் திரும்ப வரவழைக்கிறது. எந்த நேரத்துல, எந்த வாசகத்துல நோட்டிஃபிகேஷன் அனுப்பினா திறக்கிறாங்கன்னு பாதிப்பேருக்கு ஒண்ணு, மீதிப்பேருக்கு வேறொண்ணு அனுப்பிப் பார்ப்போம். தமிழ் வாசகம் எழுத ஆள் இல்லாததால என்னையே எழுதச் சொன்னாங்க. தள்ளுபடி பத்தி எழுதினது ஒண்ணும் எடுபடல. "உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு!"ன்னு எழுதினேன். பிச்சுக்கிட்டுப் போச்சு. அந்த வருஷம் எனக்கு நல்ல ஹைக்.

2019 தீபாவளிக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். போனை நீட்டினாங்க. "கண்ணா, இது யாருன்னு பாரேன். பார்த்து ரொம்ப நாளாச்சுன்னு வந்துச்சு. சத்தம் கேட்டதும் அவதான் அனுப்பியிருக்கான்னு அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்து கண்ணாடியைத் தேடினேன். அமுக்கினா ஏதோ கடை மாதிரி திறக்குது." அவங்க அந்த ஆப்பை எப்போ போட்டாங்கன்னு அவங்களுக்கே தெரியல. எனக்கு அந்த வாசகம் எழுதின நாள், அப்போ குடிச்சிட்டிருந்த காபி வரைக்கும் தெரியும். நான் சொல்லல. ஆப்பை நீக்கிக் கொடுத்தேன். நோட்டிஃபிகேஷன் டீம்லேருந்து மாறினது அதுக்கப்புறம் எட்டு மாசம் கழிச்சு. உடனே ராஜினாமா பண்ணேன்னு சொன்னா கேட்க நல்லா இருக்கும். வீட்டு லோன் இருந்தது.

2020 ஜூன் 29-ல டிக்டாக் உட்பட 59 சீன ஆப்களை அரசு தடை செய்தது. மன்னார்குடிப் பக்கம் எங்க அத்தை பழைய பாட்டுக்கு வாயசைச்சு வீடியோ போட்டுட்டு இருந்தாங்க, பதினோராயிரம் பேர் ஃபாலோ பண்ணாங்க. ஆர்குட் மாதிரி மூணு மாசமெல்லாம் கிடையாது. ராத்திரியோட ராத்திரியாப் போச்சு. தடை சரியா தப்பாங்கிறது வேற விவாதம். அடுத்த மாசமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸைக் கொண்டு வந்தது, அத்தைக்கு நான்தான் போட்டுக் கொடுத்தேன். அதே சேலை, அதே பாட்டு, நாப்பது வியூ. "அங்க என்னைத் தெரியும்டா, இங்க யாருக்கும் தெரியல"ன்னுட்டு ரெண்டு வாரத்துல விட்டுட்டாங்க.

2021 மே மாசம் பெரியம்மாவுக்குக் கொரோனா. ஆக்ஸிஜன் படுக்கை எங்கேயும் இல்ல. தமிழக அரசே 104 பேர்ல ட்விட்டர்ல படுக்கைக் கோரிக்கைகளை வாங்கிட்டிருந்த நேரம் அது. நானும் எழுதிப் போட்டேன். தேடல்ல அந்தப் பழைய "லைவ்" டேப் இப்போ "லேட்டஸ்ட்"னு பேர் மாறி ஒரு மூலையில இருந்தது. அதைத் திறந்து வெச்சுட்டு உட்கார்ந்தேன். அஞ்சு மணி நேரத்துல படுக்கை கிடைச்சுது. ஒன்பதாம் நாள் பெரியம்மா போயிட்டாங்க. அக்கா நியூஜெர்சியிலேருந்து வாட்ஸ்அப் வீடியோவுலதான் பார்த்தா, போனைப் பிடிச்சிட்டு நின்னது நான்.

இப்போ 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். 3, 4 தேதிகள்ல சென்னையில கொட்டித் தீர்த்துச்சு. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் எல்லாம் மறுபடி தண்ணி. நான் மேடவாக்கத்துல வாடகை வீட்ல மூணாவது மாடி. 2015 ஞாபகத்துல, ஏதாவது பண்ணலாம்னு எக்ஸைத் திறந்தேன், பேரும் மாறிடுச்சு இல்லையா. அந்த வருஷ ஆரம்பத்துலதான் "ஃபார் யூ"ங்கிறதைத் திறந்ததுமே வர்ற மாதிரி ஆக்கியிருந்தாங்க. பெருங்களத்தூர் பக்கம் ரோட்டைக் கடந்து போன முதலை வந்துச்சு. கீழ தள்ளினேன், வேற ஒருத்தர் போட்ட அதே முதலை. அப்புறம் காரப்பாக்கத்துல நடிகர்களைப் படகுல மீட்ட போட்டோ. அப்புறம் முந்தாநாள் வானிலை எச்சரிக்கை. மறுபடி முதலை. முதலை மேல எனக்குக் கோபம் இல்ல, நானே ரெண்டு தடவை முழுசாப் பார்த்தேன், அதனாலதான் மூணாவது தடவை வந்துச்சு.

"லேட்டஸ்ட்" டேப் அப்பவும் இருந்தது, நியாயமாச் சொல்லணும். ஆனா லாகின் இல்லாம எட்டிப் பார்க்க முடியாது. ட்வீட்டுகளைத் தானா இழுத்து ஷீட்ல போடுற சின்ன ப்ரோக்ராம் எழுத முன்னாடி ஏபிஐ இலவசம்; அந்த வருஷம் அதை நிறுத்தி, மாசம் நூறு டாலர்லேருந்து விலை வெச்சுட்டாங்க. காலேஜ் பசங்க எங்க போவாங்க நூறு டாலருக்கு? அதைவிட முக்கியம், கஷ்டத்துல இருக்கிறவங்களே அங்க இல்ல. அவங்க வாட்ஸ்அப் குரூப்ல இருந்தாங்க, அதை வெளியிலேருந்து யாரும் தேட முடியாது.

5-ஆம் தேதி மத்தியானம் தெரியாத நம்பர்லேருந்து போன். ஒரு பொண்ணு, குரலைக் கேட்டா காலேஜ் ரெண்டாம் வருஷம் இருக்கும். பின்னாடி நாலஞ்சு பேர் பேசுற சத்தம்.

"அண்ணா, ஜாபர்கான்பேட்டையில ரெண்டு வயசானவங்க மாடியில மாட்டியிருக்காங்கன்னு உங்க நம்பர் போட்டு மெசேஜ் வந்திருக்கு. போட் இன்னும் வேணுமா?"

எனக்குப் புரியல. யாருக்கும்மா, படிங்கன்னேன். படிச்சா. தெரு பேர். வீட்டு நம்பர். "இன்னைக்குக் காலையிலேருந்து சாப்பாடு இல்ல. பெரியம்மாவுக்கு சுகர். போட் உடனே வேணும்."

ஊருக்கெல்லாம் அழிக்கச் சொன்ன நான் என்னோடதை அழிக்கல. அந்த ட்வீட்டுக்குக் கீழ முகம் தெரியாத எத்தனையோ பேர் "கிடைச்சாங்களா?", "பத்திரமா இருக்காங்களா?"ன்னு கேட்டிருந்தாங்க. அதை அழிக்க மனசு வரல. பெரியம்மா போனதுக்கப்புறம் இன்னும் வரல, ஏன்னா கடுதாசியெல்லாம் போனதுக்கப்புறம் அவங்களைப் பத்தி நான் எழுதி மிச்சமிருந்த ஒரே வரி அது. அதை எங்கேயோ எந்த வரிசையோ மேல தூக்கிவிட, யாரோ நல்ல மனசோட காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல போட்டிருக்காங்க. தேதி ட்விட்டரோட நின்னுடுச்சு, எழுத்து மட்டும் வந்திருக்கு. எழுத்துல நான் 2015-ன்னு போடல. இன்னைக்குன்னு போட்டிருக்கேன்.

"அண்ணா? லைன்ல இருக்கீங்களா?"

இது பழசும்மா, 2015-ல போட்டது, அவங்களை அன்னைக்கே மீட்டாச்சுன்னு சொன்னேன்.

"ஓ. சரிங்கண்ணா, லிஸ்ட்லேருந்து எடுத்துடறேன். சேஃபா இருக்காங்கல்ல?"

ஒரு நொடி யோசிச்சேன். "எடுத்துடுங்க"ன்னேன்.

அவ வைக்கப் போனா. இருங்க, உங்க லிஸ்ட்ல இன்னும் எத்தனை நம்பர் கூப்பிடாம இருக்குன்னு கேட்டேன். அறுபது சொச்சம்னா. பாதியை எனக்கு அனுப்புங்க, எது இன்னைக்குப் போட்டது, எது பழசுன்னு கூப்பிட்டுக் கேட்டுச் சொல்றேன்னேன். ரெண்டு நிமிஷத்துல ஷீட்டோட லிங்க் வந்துச்சு. முதல் நம்பர் முடிச்சூர். ரிங் போச்சு.